தொட்டி மண்ணைக் கொட்டிவிடும் அன்பர்களுக்கு

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஜன்னலோரத்திலும் பால்கனியிலும், எல்.இ.டி. விளக்கு மாட்டிய உள்ளறையிலும் கீரையும் துளசியும் மிளகாயும் வளர்க்கும் அன்பர்களே,

உங்களில் பலர் வீட்டில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒரு சடங்கு நடக்கிறது. காய்ப்பு நின்ற மிளகாய்ச் செடியை வேரோடு பிடுங்குகிறீர்கள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வேர் பின்னிய மண்ணுருண்டையைத் தட்டி உதிர்க்கிறீர்கள். ‘சத்துப் போன மண்’ என்று அதைக் காம்பவுண்டு சுவரோரம் கொட்டிவிட்டு, நர்சரிக்குப் போய் ‘பாட்டிங் மிக்ஸ்’ என்று எழுதிய புது மூட்டையோடு திரும்புகிறீர்கள். லிஃப்டில் மண் சிந்தியதற்காக வாட்ச்மேனிடம் பேச்சு வாங்குவதும் இதில் சேர்த்திதான். அந்தச் சடங்கை நிறுத்தச் சொல்வதற்காகவே இந்த மடல். காம்பவுண்டு சுவரோரம் போவது ஆறு மாதமாகப் பதப்பட்டு, இப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியிருக்கும் மண். உறை ஊற்றிய பாலைத் தோயும் நேரத்தில் கீழே கொட்டுவது போன்ற காரியம் இது.

மண் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருவரின் கதையிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் ஆங்கரேஜ் நகரத்து வழக்கறிஞர் ஜெஃப் லோவன்ஃபெல்ஸ். பல பத்தாண்டுகள் நாளிதழில் தோட்டப் பத்தி எழுதியவர். ரசாயன உரத்தைத் தாராளமாகப் போட்டவரும்கூட. ஒருநாள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. வேரைத் தாக்க வந்த நூற்புழு ஒன்றைப் பூஞ்சை இழை சுருக்குப் போட்டுப் பிடித்து வைத்திருந்தது. அந்தப் படம் அவரை மண்ணுயிர் ஆய்வாளர் எலைன் இங்ஹாமின் எழுத்துகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2006-ல் வெய்ன் லூயிஸோடு சேர்ந்து அவர் எழுதிய ‘டீமிங் வித் மைக்ரோப்ஸ்’ என்ற புத்தகம்தான் இன்று உலகெங்கும் ‘உயிர்மண்’ என்று பேசுகிறவர்கள் பலருக்கு அரிச்சுவடி.

அதில் சொல்லப்படும் செய்தி எளிமையானது. செடி தான் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியாகக் கசியவிடுகிறது. அதைத் தின்ன பாக்டீரியாவும் பூஞ்சையும் வேரைச் சுற்றிக் கூடுகின்றன. பாக்டீரியாவைத் தின்ன அமீபா போன்ற ஒற்றைச் செல் உயிர்கள் வருகின்றன. பாக்டீரியாவின் உடலில் இருக்கும் நைட்ரஜன் இவற்றின் தேவைக்கு மிஞ்சியது. மிஞ்சியதை இவை வேரடியிலேயே கழித்துவிடுகின்றன. அந்தக் கழிவு செடிக்குச் சோறு. பூஞ்சை இழைகளோ மண்துகள்களைக் கோத்து, காற்றும் நீரும் போக வழி வைக்கின்றன. பையைக் கவிழ்க்கும்போது அறுந்துபோவது இந்த ஏற்பாடு மொத்தமும். புது மூட்டையில் அது மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

தொட்டி மண்ணின் கதை நேர் எதிர்த் திசையில் போனது என்பது வேடிக்கை. 1930-களில் லண்டனுக்கு அருகே மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னெஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வில்லியம் லாரன்ஸும் ஜான் நியூவெலும் தொட்டிக் கலவையை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தார்கள். அதுவரை ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் செடிக்கொரு கலவை வைத்திருந்தார்கள். நம் ஊர் வைத்தியர் லேகியம்போல அதை ரகசியமாகவும் வைத்திருந்தார்கள். இவர்கள் ஏழு பங்கு வண்டல், மூன்று பங்கு பீட் எனும் சதுப்புநில மட்கு, இரண்டு பங்கு மணல் என்று பொது அளவைக் கண்டார்கள். நாற்று அழுகல் வராமலிருக்க வண்டலை ஆவியில் வேகவைத்தார்கள். 1960-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பூட்லியும் ஷெல்ட்ரேக்கும் மண்ணையே எடுத்துவிட்டு, பீட்டும் வெர்மிகுலைட்டும் பெர்லைட்டும் கலந்தார்கள். எடை குறைவு, எங்கும் ஒரே தரம், நோய் இல்லை. நர்சரித் தொழிலுக்கு வேறென்ன வேண்டும்? அந்தக் கலவையில் உயிரில்லை என்பதால் உரத்தை நீரில் கரைத்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. இன்று நீங்கள் வாங்கும் மூட்டை அந்தப் பரம்பரையில் வந்தது.

அந்த அடித்தளத்தை எடுத்து அதில் உயிரைத் திரும்ப ஏற்றியவர்கள் அமெரிக்காவின் மேற்குக் கரையில், குறிப்பாக ஒரிகன் மாநிலத்தில், விளக்கொளியில் உள்ளறைத் தோட்டம் போட்டவர்கள். ஒளித்துச் சொல்வதற்கில்லை, அவர்களில் பெரும்பாலோர் கஞ்சா வளர்த்தவர்கள். ஒரிகனில் அது 1998-ல் மருத்துவத்துக்கும் 2014 வாக்கெடுப்பில் பெரியவர்களின் சொந்தப் பயன்பாட்டுக்கும் சட்டப்படியானது. இங்கே அது குற்றம். நமக்கு அவர்களிடமிருந்து வேண்டியது செடியல்ல, மண்.

அவர்கள் கலவை இது: பீட் ஒரு பங்கு, காற்றோட்டப் பொருள் ஒரு பங்கு, நல்ல மட்கு ஒரு பங்கு. இந்தக் கலவையில் ஒரு கன அடிக்கு, அதாவது சுமார் 28 லிட்டருக்கு, வேப்பம் பிண்ணாக்கும் கடற்பாசித் தூளும் நண்டு ஓட்டுத்தூளும் அரைக் கப் வீதம். பாறைத்தூள் நான்கு கப். அமிலத்தைத் தணிக்கக் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து. சிலர் புங்கம் பிண்ணாக்கும் சேர்ப்பார்கள். பட்டியலைப் படிக்கும் தமிழ் வாசகருக்குச் சிரிப்பு வரும். வேப்பம் பிண்ணாக்கும் புங்கம் பிண்ணாக்கும் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனவை. பீட்டுக்கு மாற்றாகப் பலர் போடும் தென்னை நார்க்கழிவில் பொள்ளாச்சிக் கட்டிகளும் உண்டு. அங்கே அழகான பையில் அடைத்துப் பெரிய விலைக்கு விற்கும் கலவையின் பாதி, உங்கள் ஊர் உரக்கடையிலும் எண்ணெய்ச் செக்கிலும் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. இறக்குமதி ‘லிவிங் சாயில்’ பையை இணையத்தில் தேடிக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்கலாம்.

ஆனால் பட்டியலை அப்படியே பெயர்த்து வைத்தால் கெட்டது. அவர்கள் பீட்டுக்காக எழுதியது அது. பீட்டின் அமிலநிலை (பி.எச்.) நான்கை ஒட்டியிருக்கும். ஆகவே அவர்களுக்குச் சுண்ணாம்பு வேண்டும். தென்னை நார்க்கழிவு ஆறை ஒட்டியே நிற்கும். அதில் டோலமைட் சுண்ணாம்பைக் கொட்டி, மேலே போர்வெல் தண்ணீரையும் ஊற்றினால் மண் காரமாகி, இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக மஞ்சளிக்கும். இரும்பு மண்ணிலேயே இருக்கும், வேருக்கு எட்டாது. உடனே ‘இரும்புச் சத்து’ புட்டி வாங்க ஓடுவோம்.

நார்க்கழிவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் தோட்டத்தின் பெரும்பகுதி அதுதான். அரசின் மாடித்தோட்டத் தளையை மானியத்தில் வாங்கியவர்களுக்கு வளர்ப்புப் பை, விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியாவோடு வந்த அந்தப் பழுப்புக் கட்டி நினைவிருக்கும். ஐந்து கிலோக் கட்டியை ஊறவைத்தால் ஏறக்குறைய எழுபது லிட்டர் வரை உப்பும். நீரைப் பிடித்து வைக்கும், இலேசாக இருக்கும், அழுகாது. எல்லாம் நல்ல குணம்தான். கூடவே மூன்று குறைகள்.

ஒன்று, உப்பு. தென்னை பொட்டாசியத்தையும் சோடியத்தையும் மட்டையில் சேர்த்து வைக்கும் மரம். மட்டையை உவர்நீரில் ஊறப்போட்டிருந்தால் இன்னும் மோசம். கட்டியை ஊறவைத்து வடித்து, மறுபடி ஊறவைத்து வடித்து, மூன்று முறையாவது அலசுங்கள். வடியும் தண்ணீர் டீ நிறத்திலிருந்து வெளிறும்வரை அலசினால் போதும். அலசி உலர்த்திய கட்டியும் கடைகளில் தனியாகக் கிடைக்கிறது. ‘லோ இ.சி.’ (உப்பு குறைவு) என்று உறையில் அச்சிட்டிருப்பார்கள். சில ரூபாய் கூடுதல் கொடுத்து அதையே வாங்குவது மேல்.

இரண்டு, நார்க்கழிவு தன் மேல் ஒட்டியிருக்கும் பொட்டாசியத்தை விட்டுவிட்டு, வெளியிலிருந்து வரும் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தக்காளி நுனி அழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்து ஜிப்சம். அது கால்சியம் தரும், காரத்தை ஏற்றாது. 28 லிட்டருக்கு அரை டம்ளர் போதும். மூன்றாவது, பச்சை நார்க்கழிவில் கரிமம் நூறு பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்குகூட இருக்காது. நுண்ணுயிர்கள் அதைத் தின்ன மண்ணிலிருக்கும் நைட்ரஜனைக் கடன் வாங்கும். செடி பட்டினி கிடக்கும். சிப்பிக்காளான் வித்தைத் தூவி நார்க்கழிவை மட்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகப் பரிந்துரைத்து வருகிறது. மட்கிய நார்க்கழிவு கிடைத்தால் பாதிக்குப் பாதி அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செம்மண்ணை என்ன செய்வது என்று மூத்தவர்கள் கேட்பார்கள். பத்தில் ஒரு பங்கு போடலாம். களித்துகள் சத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் அது நல்லதே. பாதிக்குப் பாதி போட்டால் ஆறு மாதத்தில் பைக்குள் செங்கல் அறுக்கலாம்.

காற்றோட்டத்துக்கு அங்கே எரிமலைக் கல்லான பியூமிஸ். இங்கே உமியைவிட நல்லது தேட வேண்டியதில்லை. அரிசி ஆலையில் மூட்டையாகக் கிடைக்கும். சிலிக்கா மிகுந்தது, அதனால் எளிதில் மட்காது; ஓரிரண்டு ஆண்டு தாங்கும். புழுங்கலரிசி ஆலை உமியாகப் பார்த்து வாங்குங்கள், அவித்த நெல் முளைக்காது. பச்சரிசி ஆலை உமியைப் போட்டுவிட்டு, வரவேற்பறையில் நாற்றங்கால் வந்துவிட்டதே என்று திகைத்து நிற்கும்படி ஆகலாம். உமியில் பாதியைக் கரியாக்கிப் போட்டால் இன்னும் நல்லது. அமேசான் காட்டின் பழங்குடிகள் கரியும் ஓட்டுச்சில்லும் குப்பையும் சேர்த்து உருவாக்கிய கறுப்பு மண் பல நூற்றாண்டுக்குப் பின்பும் வளமாக இருக்கிறது. புதுக் கரியை மட்டும் வெறுமனே கலக்க வேண்டாம். அது காலிப் பாத்திரம். மண்ணிலிருக்கும் சத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். மண்புழு உரக் கரைசலில் இரண்டு வாரம் ஊறவைத்துப் போடுங்கள். செங்கல் சல்லியும் நல்ல காற்றோட்டம் தரும், ஆனால் நான்காவது மாடிக்கு அதன் எடை ஆகாது.

மூன்றாவது பங்கு மட்கு. காசையும் கவனத்தையும் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான், மற்றதெல்லாம் பக்க வாத்தியம். பாக்டீரியா, பூஞ்சை, அமீபா எல்லாம் இதிலிருந்தே வருகின்றன. மட்கு செத்ததாக இருந்தால் வேம்பும் கடற்பாசியும் என்னதான் போட்டும் பயனில்லை. ‘வெர்மி கம்போஸ்ட்’ என்று விற்கும் மூட்டைகளில் பல, காய்ந்த சாணத்தைச் சலித்தவை. கையில் எடுத்துப் பாருங்கள். ஈரம் இருக்க வேண்டும். முதல் மழை வாசம் வர வேண்டும். சாண வாசமோ அம்மோனியா நெடியோ வந்தால் இன்னும் ஆகவில்லை. தூசியாகப் பறந்தால் காய்ந்து செத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் சின்னப் பூச்சிகள் ஓடினால் யோசிக்காமல் வாங்கலாம். இன்னும் நல்ல வழி, ஒரு வாளியில் நீங்களே செய்துகொள்வது.

எந்தப் புழு என்ற கேள்விக்குச் சென்னைக்காரர் ஒருவரின் பதில் இருக்கிறது. நியூ காலேஜில் பேராசிரியராக இருந்த மண்ணுயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுக்களை இறக்குவதற்குப் பதில் உள்ளூர் இனங்களான பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸையும் லாம்பிட்டோ மாரிட்டியையும் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்லி வந்தவர். முதலாவது மேல் குப்பையிலேயே வாழும். இரண்டாவது செங்குத்தாக வளை தோண்டி மேலும் கீழும் போய்வரும். மண்ணைக் கிளறாமல் விடும் உழவில்லாத் தொட்டிக்கு இந்த ஜோடியை யோசித்துப் பாருங்கள். ஒன்று மூடாக்கைத் தின்று எருவாக்குகிறது, மற்றொன்று அதைக் கீழே இறக்கிக் காற்றுக்கும் வழி விடுகிறது. மண்வெட்டிக்கு அங்கே வேலை மிச்சமில்லை. 1881-ல் மண்புழுவுக்கென்றே ஒரு நூல் எழுதிய டார்வின், கலப்பைக்கு முன்பே நிலத்தை உழுதுகொண்டிருந்தவை இவை என்பதைத்தான் பக்கம் பக்கமாக விளக்கினார்.

பிண்ணாக்குகளுக்கு வருவோம். 28 லிட்டருக்கு வேப்பம் பிண்ணாக்கு அரை டம்ளர், புங்கம் பிண்ணாக்கு கால் டம்ளர். இவற்றின் நைட்ரஜன் மெதுவாக இறங்கும். வேம்பில் இருக்கும் பொருள்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கின்றன. 2015-ல் இந்திய அரசு உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியதற்கு அந்தக் குணமும் ஒரு காரணம். கடலைப் பிண்ணாக்கு இன்னும் வளமானது, ஆனால் உள்ளறையில் வேண்டாம். எலிக்கும் எறும்புக்கும் விருந்து வைத்ததாகும். நாய் வளர்ப்பவர்கள் ஆமணக்குப் பிண்ணாக்கை வாசலிலேயே நிறுத்துங்கள். அதில் இருக்கும் ரிசின் கொடிய நஞ்சு, வாசனையோ நாய்க்குப் பிடித்தது.

கடற்பாசிக்கு ராமநாதபுரம் கடற்கரை இருக்கிறது. மண்டபம் பக்கம் பெண்கள் பாசி வளர்க்கிறார்கள், அதிலிருந்து உரச் சாறும் எடுக்கப்படுகிறது. இறால், நண்டு ஓட்டைக் கழுவிக் காயவைத்துப் பொடித்தால் கைட்டின் கிடைக்கும். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகினால், பூஞ்சை நோய்க் கிருமிகளின் சுவரிலும் நூற்புழு முட்டை ஓட்டிலும் இருக்கும் அதே கைட்டினையும் ஒரு கை பார்க்கும். எலும்புத்தூள் ஒரு கைப்பிடி. பாறைத்தூள் விஷயத்தில் மட்டும் ஒரிகன்காரர்களின் உற்சாகத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அவர்களுடையது பசால்ட். இங்கே கிரஷரில் கிடைப்பது பெரும்பாலும் கிரானைட்டும் சார்னோகைட்டும். மிக மெதுவாகச் சிதையும் பாறைகள். கிடைத்தால் ஒரு டம்ளர் போடுங்கள், கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம்.

கலப்பதற்குத் தரையில் தார்ப்பாயை விரித்து, எல்லாவற்றையும் அடுக்கி, பாயின் மூலையைப் பிடித்து எதிர் மூலைக்கு உருட்டுங்கள். நான்கு மூலைக்கும் நாலைந்து முறை. முதலில் நீர் தெளித்துக்கொள்ளுங்கள், முகக்கவசம் போடுங்கள். இது வெறும் தூசி அலர்ஜிக்காகச் சொல்வதில்லை. லீஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா தொட்டி மண் தூசியிலிருந்து நுரையீரலுக்குப் போய் நிமோனியா உண்டாக்குவதை ஆஸ்திரேலியாவில் கண்டறிந்த பிறகு, அங்கே மூட்டைகளில் எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். ஈரப் பதத்துக்கு அளவுகோல் அடுக்களையில் இருக்கிறது. பிடித்தால் பிடிகொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அழுத்தினால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது.

உடனே நடாதீர்கள். பிண்ணாக்கு மட்கும்போது மண் சூடாகும், அம்மோனியா கிளம்பும், நாற்று கருகும். மூன்று நான்கு வாரம் மூடி வையுங்கள், ஈரம் காயாமல் பாருங்கள். இரண்டாவது வாரம் மேலே வெள்ளை நூல் படர்ந்தால் பதறி ட்ரைகோடெர்மா தேட வேண்டாம். நல்ல சகுனம் அது. மண் தயாரா என்று பார்க்க ஒரு பிடி வெந்தயம் போதும். நான்கைந்து நாளில் சீராக முளைத்து, வேர் நுனி வெள்ளையாக இருந்தால் குடியேறலாம். நுனி பழுத்துச் சுருண்டால் இன்னும் பத்து நாள் பொறுங்கள்.

பாத்திரம் பெரிதாக வேண்டும். உழவில்லா முறை சின்னத் தொட்டியில் தள்ளாடும். ஈரமும் உயிரும் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். அறுபது லிட்டருக்குக் கீழே போகாமலிருப்பது நல்லது. அதற்காக மாடியின் எடைத் தாங்கலை மறந்துவிடவும் கூடாது. நான்கடிக்கு இரண்டடியில், ஓரடி ஆழத்தில் ஒரு பாத்தி செய்தால் அதில் எட்டுக் கன அடி மண் பிடிக்கும். நனைந்த நிலையில் 150 முதல் 200 கிலோ வரை போகலாம். இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 குடியிருப்பு அறைத் தளத்துக்கு வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ, பால்கனிக்கு 300. உங்கள் பாத்தி முக்கால் சதுர மீட்டர்தான். கணக்கு இடிக்கிறது அல்லவா? ஒரு பாத்தியோடு நிறுத்தி, சுவரை ஒட்டி வையுங்கள். இரண்டாவது பாத்திக்கு ஆசை வந்தால் பொறியாளரிடம் கேளுங்கள். பழைய கட்டடம் என்றால் முதல் பாத்திக்கே கேட்டுவிடுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரே வார்த்தை. நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ். ஜன்னலிலிருந்து ஓரிரு மீட்டர் உள்ளே வந்தால் அது ஆயிரத்துக்கும் கீழே. கண் ஏமாறும், கீரை ஏமாறாது. உள்ளறை என்றால் விளக்குப் போடுங்கள், கீரைக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம்.

இனி உழவில்லாமை. 1943-ல் ஓஹையோவின் எட்வர்ட் ஃபாக்னர் கலப்பையையே குற்றக் கூண்டில் ஏற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஜப்பானின் ஷிகோகு தீவில் ஃபுகுவோக்கா என்ற விவசாயி வயலை உழாமல் நெல் அறுத்துக் காட்டினார். உங்கள் பால்கனியில் கலப்பை கிடையாது. ஆனால் கையில் ஒரு குத்துக்கரண்டி இருக்கிறது, அது சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ‘மண்ணைக் கொத்திவிட்டால் வேர் மூச்சுவிடும்’ என்று பெரியவர்கள் சொன்னது இறுகிய செம்மண்ணுக்குப் பொருந்தும். உமியும் புழுவும் உள்ள மண் தானே மூச்சுவிடும்.

பயிர் முடிந்ததும் தண்டைத் தரைமட்டத்தில் கத்தரித்துவிடுங்கள். வேர் உள்ளேயே மட்கட்டும். அது மட்கிய பாதை அடுத்த செடியின் வேருக்கு ஒற்றையடிப் பாதை. புது நாற்றை ஒரு சாண் தள்ளி, அதன் வேர்க்கட்டி நுழையும் அளவுக்கு மட்டும் குழி பறித்து நடுங்கள். இரண்டு பயிருக்கு நடுவே பாசிப்பயறும் கொள்ளும் தூவி, பூக்கும் முன் அறுத்து அங்கேயே போடுங்கள். பிறகு இரண்டு விரல் கனத்துக்கு மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு, அதன் மேல் வைக்கோலோ காய்ந்த இலையோ. மண் ஒருபோதும் வெறுமையாக வெளிச்சத்தைப் பார்க்க வேண்டாம்.

‘வேம்’ என்ற வேர்ப்பூஞ்சைப் பொட்டலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மிளகாய், தக்காளி, வெண்டை, வெங்காயம் எல்லாம் இந்தப் பூஞ்சையோடு கூட்டு வைத்து பாஸ்பரஸைத் தொலைவிலிருந்து வரவழைக்கும். நடும்போது வேரில் தொட்டு வைத்தால் பலன் உண்டு. ஆனால் தண்டுக்கீரை, பாலக் குடும்பமும் முள்ளங்கி, கடுகுக் குடும்பமும் அந்தக் கூட்டையே வைத்துக்கொள்வதில்லை. இந்தக் கீரைகளை மட்டும் வளர்ப்பவர் ‘வேம்’ வாங்குவது வீண் செலவு. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

உயிர்மண்ணைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். தினமும் காலையில் ஒரு குடம் என்ற கணக்கு இங்கே ஆகாது. அறுபது லிட்டர்ப் பைக்கு ஒரு முறைக்கு மூன்று நான்கு லிட்டர், மெதுவாக. அடியில் ஒழுக விடக் கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஒரு இரவு திறந்து வையுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரும் மழைநீரும் நல்லது. பலர் புண்ணியமாக நினைத்துச் செய்யும் ஒரு தவறு, ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரைச் செடிக்கு ஊற்றுவது. இயந்திரம் பிரித்தெடுத்த உப்பு மொத்தமும் அந்தக் குழாயில்தான் வெளியே வருகிறது. வடிகால் இல்லாத பாத்தியில் அது தங்கிவிடும். அந்த நீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் போகிறவர்களுக்கு நம் பானைப் பாசனம் போதும். சுட்ட மண் குடுவையைக் கழுத்துவரை பாத்தியில் புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடிவிட்டால் மண் தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். அமெரிக்கத் தோட்டக்காரர்கள் ‘ஓயா’ என்ற ஸ்பானியப் பெயரில் இதையே விலைக்கு வாங்குகிறார்கள்.

குட்டி ஈக்கள் வரும். ஈரமான மட்குள்ள உள்ளறையில் பூஞ்சை ஈ வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மஞ்சள் ஒட்டு அட்டை பறப்பதைப் பிடிக்கும், ஆனால் பிரச்சினை மண்ணுக்குள் இருக்கும் புழு. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில் கண்டெடுத்த பி.டி.ஐ. என்ற பாக்டீரியா, கொசுப் புழுவைப் போலவே இதையும் கொல்லும், மண்புழுவைத் தொடாது. நீரில் கலந்து வாரம் ஒரு முறை, மூன்று வாரம். மூடாக்கைத் தூக்கினால் வெள்ளையாகத் துள்ளும் பூச்சிகளோ ஸ்பிரிங்டெயில்; அவற்றை விட்டுவிடுங்கள், உங்கள் சம்பளமில்லாத வேலைக்காரர்கள்.

கரைசல்களைப் பற்றி இனிமேல் எழுதப்போவது சிலருக்குப் பிடிக்காது. பஞ்சகவ்யமோ மீன் அமிலமோ வயலில் என்ன செய்தாலும், பதினைந்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அவை முதலில் குடும்ப அமைதியைக் கெடுக்கும். காற்று ஊதித் தயாரிக்கும் மட்குத் தேநீருக்கு அதன் ஆதரவாளர்கள் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்று வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்டா சாக்கர் ஸ்காட் தொடர்ந்து எழுதி வருகிறார். அதில் வெல்லமோ சர்க்கரைப் பாகோ சேர்த்தால் ஈ.கோலை போன்ற கிருமிகளும் சேர்ந்தே பெருகலாம் என்று அமெரிக்காவின் இயற்கை வேளாண்மைத் தர வாரியத்துக்காக அமைந்த குழு 2004-லேயே எச்சரித்தது. புதினாவையும் கொத்தமல்லியையும் பச்சையாகக் கிள்ளிச் சட்னியில் போடும் வீட்டில் அந்த விஷப்பரீட்சை எதற்கு? அதே மண்புழு உரத்தை மேலே பரப்பி நீர் ஊற்றினால் போதும்.

முதல் பயிர் சுமாராகவே இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. ரசாயன உரம் ஊற்றும் பக்கத்து வீட்டுக்காரரின் மிளகாய் உங்களுடையதைவிடப் பெரிதாகத் தெரியும். இரண்டாவது பயிரில் சமமாகும். ஆண்டு முடிவதற்குள் மண் நாலைந்து விரல் இறங்கியிருக்கும், ஏனென்றால் உமியும் மட்கும் கரைகின்றன. இறங்கிய அளவுக்கு மேலே அதே கலவையைப் புதிதாகச் சேருங்கள், கிளற வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு பொட்டலம் கொடுத்து உப்பளவும் அமிலநிலையும் பார்த்துக்கொள்ளுங்கள். சும்மா பிண்ணாக்கைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்கு அந்தச் சீட்டு நல்ல பிரேக்.

பையைக் கவிழ்க்க வேண்டிய சந்தர்ப்பம் இல்லாமல் இல்லை. மேலே வெள்ளை உப்புப் பொருக்குத் தட்டி, பரிசோதனையிலும் உப்பு ஏறியிருந்து, இரண்டு மூன்று முறை நல்ல நீர் விட்டு அலசியும் இறங்காவிட்டால் கவிழ்த்துவிடுங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக நூற்புழு வந்து, ஒரு சுற்று செண்டுமல்லி போட்டும் அடங்காவிட்டாலும் அப்படியே. அப்போதும் காம்பவுண்டு சுவரோரம் வேண்டாம். கறுப்புப் பாலித்தீன் பையில் கட்டி மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் ஒரு மாதம் வைத்து, பிறகு மூன்றில் ஒரு பங்கு புது மட்கோடு கலந்தால் அது மீண்டும் கலவைக்கான அடிப்பொருள்.

மண் மேல் அன்புள்ள,
ஒரு பால்கனித் தோட்டக்காரர்

பின்குறிப்பு: வீட்டில் பூனை இருந்தால் நண்டு ஓட்டுத்தூள் போட்ட முதல் பத்து நாள் பாத்தியின் மேல் கம்பி வலை போட்டு வையுங்கள். உழவில்லா விவசாயத்தில் பூனைக்கு நம்பிக்கை கிடையாது.